முன்னால் போகிறவரின் விளக்கு

மலை ஏறப் போகிறவர்கள் என் கடைக்கு வந்தால் முதலில் காலுக்குப் போடுகிற சப்பாத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். அப்புறம் கயிறு, அப்புறம் மழைச்சட்டை. விளக்கு கடைசியில்தான் நினைவுக்கு வரும். பகலில் ஏறிப் பகலிலேயே இறங்கிவிடலாம் என்று எல்லாரும் நம்புகிறார்கள். காஜா பெராங்கில் நான் கடையில் உட்காரத் தொடங்கியதிலிருந்து அப்படி இறங்கி வந்தவர்களைக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் விளக்கைப் பற்றிக் கேட்டீர்கள், ஐயா. மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்தக் கார்பைட் டின் என் கடை டின்தான். அதை நான் மறுக்கப் போவதில்லை. விளக்கிலிருந்தே தொடங்கினால் உங்களுக்கும் எழுதிக்கொள்வது சுலபம்.

கையில் பிடிக்கிற டார்ச் லைட் மலைக்கு உதவாது. ஒரு கை வேரைப் பிடிக்கும், இன்னொரு கை பாறையைத் தேடும். விளக்கு நெற்றியில் இருக்க வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பேட்டரிப் பெட்டி இடுப்பில் தொங்கும், ஒயர் முதுகு வழியாக ஏறும். பார்க்க அழகு. ஆனால் நனைந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். மற்றது பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள் கட்டுகிற கார்பைட் விளக்கு. பித்தளை. கீழ்க் குப்பியில் கார்பைட் கல், மேல் குப்பியில் தண்ணீர். தண்ணீர் சொட்டச் சொட்டக் கல்லிலிருந்து வாயு கிளம்பும், அதுதான் எரிகிறது. முடியப் போகிறது என்றால் முன்கூட்டியே மங்கிக் காட்டும். மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கல் மட்டும் நன்றாக இருந்தால் போதும், அந்த விளக்கு ஆளைக் கைவிடாது.

இதை எந்த வாடிக்கைக்காரரிடமும் நான் மாற்றிச் சொன்னதில்லை. கணேசமூர்த்தியிடமும் இதையேதான் சொன்னேன். அவர் நெற்றியில் கட்டிக்கொண்டு போன விளக்கு என் கடையிலேயே நல்ல விளக்கு.

எங்கள் ஊர் புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனார், திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போனாள். நான் அம்மாவின் கத்தியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு அவள் வெட்டிய மரங்களையே வெட்டப் போனேன். தங்கை கோகிலா அப்போது சின்னப் பிள்ளை. லயத்து வீட்டில் தனியாக இருக்கமாட்டாள். இருட்டு என்றால் அவளுக்கு அவ்வளவு பயம். விடிவதற்கு முன்னால் நான் தோட்டத்துக்குள் நடக்கும்போது என் கைலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவாள்.

நெற்றி விளக்கு கட்டியவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் வெளிச்சம் விழும். பின்னால் வருகிறவருக்கென்று தனி வெளிச்சம் கிடையாது. நான் மரத்தைப் பார்த்தால் அவளுக்கு மரம் தெரியும். நான் தரையைப் பார்த்தால் அவளுக்குத் தரை. ஒரு பிள்ளையை வளர்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அது தேவைப்படும். கார்பைட் கல் ஈரக்காற்று பட்டாலே கெட்டுவிடும். கெட்ட பிறகும் பார்வைக்குக் கல் போலவே இருக்கும். விரலால் தொட்டால்தான் சுண்ணாம்பு மாவாக உதிரும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. டின்னைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் நல்ல கல் கலகலக்கும், கெட்டது பொத்துப் பொத்தென்று விழும். கோகிலாவுக்கு அது ஒரு விளையாட்டு. ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

அதனால் நான் டின்னை அடைக்கும்போது மூடியின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பாலைத் தடவிவிடுவேன். காய்ந்ததும் தோல் போல ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் டின்னை ஆற்றில் போட்டாலும் உள்ளே ஈரம் ஏறாது. திறக்க வேண்டும் என்றால் அந்தத் தோலைக் கிழிக்க வேண்டும். கிழித்ததை மறுபடி ஒட்ட முடியாது. தடவி முடிக்கிற இடத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவேன். உங்கள் முன்னால் இருக்கிற டின்னில் அந்தப் பதிவு இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டாம், அது என் விரல்தான்.

காஜா பெராங்கில் கடை வைத்திருந்த பொன்னுதுரை என்னைப் பெண் கேட்டு வந்தார். வயதில் மூத்தவர். தங்கையும் என்னோடு வருவாள் என்று சொன்னேன். சரி என்றார். நல்ல மனிதர். ஒரு நாள் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே தராசின் மேல் சாய்ந்தார், போய்விட்டார். அதற்கப்புறம் கடையும் நானும் கோகிலாவும். தவளை பிடிக்கிறவர்கள், வேட்டைக்காரர்கள், செங் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் என்று வாடிக்கைக்குக் குறைவில்லை. எங்களுக்கு வேறு யாரும் தேவைப்படவும் இல்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு பெரியவர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுக்க மாலை வகுப்பு நடத்தினார்கள். கோகிலா போனாள். அங்கே சொல்லிக்கொடுத்தவர் கணேசமூர்த்தி. பகலில் தமிழ்ப் பள்ளி வாத்தியார். அவரிடம் என்ன குறை என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், குறை ஒன்றும் இல்லை. குடிக்கமாட்டார். சிரித்த முகம். விடுமுறை வந்தால் மலை, காடு என்று சுற்றுவார், அது ஒன்றுதான் பைத்தியம். பெண் கேட்டபோது நானே பாக்கு வெற்றிலை மாற்றினேன். தையில் கல்யாணம் என்று முடிவானது. பிறகு அவருக்குத் தொலைவில் இருக்கிற தைப்பிங்குக்கு மாற்றல். கோகிலாவும் போவாள். இதிலெல்லாம் நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அவர் அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கினார். சக்கரம் சுற்றினால் எரிகிற விளக்கு வைத்த சைக்கிள். ஒரு நாள் வகுப்பு முடிய நேரமாகிவிட்டது. மழை இருட்டு வேறு. வழக்கமாக அவள் வகுப்பு வாசலிலேயே நிற்பாள், நான் விளக்கோடு போய் அழைத்து வருவேன். அன்று நான் கிளம்புவதற்குள் அவள் தனியாகச் சைக்கிளில் வந்து இறங்கினாள். மழையில் நனைந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இருட்டுல ஓட்டிக்கிட்டே வந்துட்டேன். பயமே இல்ல, பாத்தியா?"

"ஏன் என்னைக் கூப்பிடல?"

"எதுக்குக் கூப்பிடணும்? வெளக்குதான் சைக்கிள்லயே இருக்கே."

தலையைத் துவட்டிவிட்டேன். சூடாகக் காப்பி கொடுத்தேன். என்றைக்கு முடிவு செய்தேன் என்று நீங்கள் கேட்டால் எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வருகிறது. ஈரத் துண்டை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டேன். மனம் அதற்குப் பிறகு அலையவில்லை.

ஆண்டு இறுதி விடுமுறையில் அவர் லேடாங் மலைக்குப் போவதாகச் சொன்னார். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட எமர்ஜென்சிக் கெடுபிடி தளர்ந்து, காட்டுக்குள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனால் யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று ஆகியிருந்த சமயம். கூடப் போகிறவன் பிச்சை. எங்கள் தெருவுக்குப் பின்னால் சிட்டி ஆட்கள் குடியிருக்கிற கம்போங்கில் வீடு. கும்பிடுவது நம் சாமியைத்தான், பேசுவது மலாய். தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள்.

விளக்கு வாங்க அவர் கடைக்கு வந்தார். ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் ஒன்றைக் கல்லாவின் மேல் வைத்தார். இடுப்புப் பேட்டரி விளக்கு.

"இந்த மாதிரி இருக்கா அக்கா?"

"இருக்கு. மழைக்காலத்துல இத நம்பி மலைக்குப் போறதா, தம்பி? நனைஞ்சா அதோட சரி. மரம் வெட்டுறவங்க நெத்தியில என்ன கட்டியிருக்காங்கன்னு பாருங்க."

உள்ளேயிருந்து கோகிலா குரல் கொடுத்தாள். "வாத்தியாரே, அக்கா சொல்றத கேளுங்க. படத்தப் பாத்து வெளக்கு வாங்கினா காட்டுப் பன்னிகூட சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்லா. நீதான் தெனமும் சிரிக்கிறியே."

"அக்கா, நீயே நல்லதா பாத்துக் குடு. நீ குடுத்தா எனக்குப் பயமில்ல" என்றாள் கோகிலா.

நான் நல்லதாகவே பார்த்துக் கொடுத்தேன். எதிரொளிக்கிற தட்டு அகலமாக இருந்தது. பட்டை நெற்றியில் நழுவவில்லை. தண்ணீர்த் திருகு இறுக்கமாக இருந்தது. வாயு வருகிற துளை அடைத்தால் குத்திவிட மெல்லிய கம்பி ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன். குப்பியில் நல்ல கல்லைப் போட்டு அவர் கையாலேயே பற்றவைக்கச் சொன்னேன். கடை முழுக்க வெள்ளை வெளிச்சம். அவருக்குச் சந்தோஷம்.

"மலையில யாரு முன்னால போவீங்க, தம்பி?" என்று கேட்டேன்.

"நான்தான் அக்கா. பிச்சைக்கு வழி தெரியாது."

"அப்ப நெத்தி வெளக்கு உங்களுக்கு. பின்னால வர்றவருக்கு ஒரு டார்ச் போதும்."

மழை பிடித்திருந்த வாரம் அது. கிணற்றடிக் கூரைக்குக் கீழே முறத்தில் கார்பைட் கல்லைப் பரப்பி வைத்தேன். கோகிலா கேட்டபோது, பழைய கல், கொட்டிவிடப் போகிறேன் என்றேன். புஸ்ஸென்று மெல்லிய சத்தம் வரும், பூண்டு நாற்றம் வரும், அப்புறம் அடங்கிவிடும். நன்றாக அடங்கிய பிறகு இரண்டு டின்களில் அள்ளிப் போட்டேன். மூடினேன். செங் தோட்டத்திலிருந்து வருகிற அஞ்சலை போத்தலில் கொண்டுவந்து கொடுத்திருந்த ரப்பர் பாலை எடுத்து விளிம்பில் தடவினேன். கட்டைவிரலால் அழுத்தினேன்.

கெட்டுப்போன கல்லுக்கு எதற்குப் பால் என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிறகு கேட்டுக்கொண்டேன். கை செய்துவிட்டது. டின்னை மூடினால் பால் தடவ வேண்டும், அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். நான் செய்த ஒரே தவறு அதுதான்.

கிளம்புகிற அன்று அவர் பையை நான்தான் அடுக்கினேன். டின்கள் கோகிலாவின் கையில் படக்கூடாது என்பது மட்டும்தான் என் கவலை. ஒரு தடவை குலுங்கினால் போதும், அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவளைக் காப்பி ஊற்றிவரச் சமையலறைக்கு அனுப்பினேன். பையின் அடியில் அவர் சின்ன டார்ச் லைட் ஒன்று வைத்திருந்தார். அதை எடுத்துக் கல்லா மேசையின் டிராயரில் போட்டேன். அவர் அப்போது வாசலில் பிச்சையோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த டார்ச்சைப் பிறகு தவளை பிடிக்கிற ஒருவருக்கு விற்றுவிட்டேன். நன்றாக எரிகிறது என்று வந்து சொன்னார்.

"அக்கா, போயிட்டு வர்றேன்" என்றார் கணேசமூர்த்தி.

"பாத்து எறங்குங்க, தம்பி" என்றேன்.

நடந்ததைப் பிச்சை உங்களிடம் சொல்லியிருப்பான். எங்களிடம் அவன் சொன்னது இது. மழையால் உச்சிக்குப் போய்ச் சேரவே தாமதமாகிவிட்டது. இறங்கும்போது மரத்தடியெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. பாதி வழியில் பிச்சைக்குக் கால் பிசகிவிட்டது. நடக்க முடியவில்லை. கீழே போய் ஆள் கூட்டிவருகிறேன் என்று கணேசமூர்த்தி கிளம்பப் பார்த்திருக்கிறார். அப்போதே விளக்கு மங்கியது. டின்னைத் திறந்து குப்பியில் போட்டுத் தண்ணீரைத் திருகிவிட்டிருக்கிறார். ஒன்றும் வரவில்லை. அடுத்த டின்னும் நனைந்திருக்கும் என்று அதைத் திறக்காமலே பையைப் பிச்சையிடம் விட்டுவிட்டாராம்.

"பத்து ஜாடி தெப்போங், அக்கா" என்று பிச்சை என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதான். கல் மாவாகிவிட்டது என்று மலாயில் சொன்னான். "நான் டார்ச் கொடுத்தேன். டியா தா மாவ். வேணாம் சொன்னான்."

வேண்டாம் என்றதோடு ஒரு வேடிக்கையும் பேசியிருக்கிறார். கால் பிசகினவனை இருட்டில் விட்டுவிட்டு வெளிச்சத்தோடு வந்தால் கோகிலா தன்னைக் கட்டிக்கொள்ளமாட்டாள் என்றாராம். தண்ணீர்ச் சத்தத்தைக் காதால் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாகவே இறங்கினால் கீழே போய்விடலாம் என்று பாறையைத் தடவித் தடவிப் போயிருக்கிறார். மறுநாள் அருவிக்கு அடியில் கண்டெடுத்தார்கள்.

அவர் பயந்து திரும்பினால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று நான் சொல்லலாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் அதையே எதிர்பார்க்கிற மாதிரி தெரிகிறது. அது பொய். அந்த மலையிலிருந்து இறங்குகிற வழி எப்படிப்பட்டது என்று வேட்டைக்காரர்கள் எத்தனையோ தடவை என் கடையில் நின்று சொல்லியிருக்கிறார்கள். பிச்சையின் கால் பிசகும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது. மற்றது எல்லாம் தெரியும்.

எல்லாரும் மழை ஈரம் டின்னுக்குள் போய்விட்டது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். கருமாதிக்கு வந்த அவருடைய அம்மாவுக்கு நான்தான் சோறு ஊட்டினேன்.

அதற்கப்புறம் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். கோகிலா வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சைக்கிள் பின்பக்கச் சுவரில் சாய்ந்து கிடந்தது, டயரில் காற்று இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் அவள் கிணற்றடிக்குப் போக நான் விளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன வயதில் வந்த மாதிரியே என் பின்னால் வந்தாள். கைலி ஓரத்தைத்தான் பிடிக்கவில்லை. நானே தலை வாரிவிட்டேன். பேச்சு குறைந்துவிட்டது, ஆனால் எங்களுக்குள் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது.

பிச்சை அந்தப் பையைத் தன் வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறான். திறந்து பார்க்க மனம் வரவில்லையாம். நேற்று அவன் வீட்டைப் பழுதுபார்க்க எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது கொண்டுவந்து கோகிலாவிடம் கொடுத்திருக்கிறான். நான் கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து சத்தம் கேட்டது. பொத். கொஞ்சம் பொறுத்து மறுபடி, பொத்.

எனக்கும் காது உண்டு, ஐயா. கயிற்றை அளந்து முடித்து, வாடிக்கைக்காரருக்குச் சுருட்டிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். கோகிலா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் திறக்காத டின் அவள் மடியில் இருந்தது. விளிம்பைச் சுற்றியிருந்த பால் தோலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எங்கும் கிழியவில்லை. கட்டைவிரல் பதிவு வந்ததும் அவள் விரல் நின்றது.

நேற்று மத்தியானம் அவள்தான் சமைத்தாள். எனக்குப் பரிமாறினாள்.

"அக்கா, பால் தடவின டின்னுக்குள்ள ஈரம் போகாதுன்னுதானே நீ சொல்லுவ?"

"போகாது."

"அப்ப, நீ மூடும்போதே உள்ள அப்படித்தான் இருந்துச்சா?"

"சோறு ஆறுது. சாப்பிடு."

சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்ன இருந்தாலும் நான் வளர்த்த பிள்ளை. யாருக்காகச் செய்தேன் என்று அவளுக்குத் தெரியாதா.

இன்று காலையில் எழுந்தபோது அவள் பாய் சுருட்டி வைத்திருந்தது. டின்னும் இல்லை.

அவளே வந்து இதை உங்களிடம் கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். விடிவதற்கு முன்னாலேயே வந்து ஸ்டேஷன் வாசலில் நின்றாள் என்கிறீர்கள். பிச்சை கூட வந்திருப்பான் என்றேன், இல்லை, தனியாகத்தான் வந்தாள் என்கிறீர்கள். அது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கணேசமூர்த்தியைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் என்னை அதிக நாள் இங்கே வைக்காதீர்கள். கோகிலா வீட்டுக்குத் திரும்பி வருவாள். பொழுது சாய்ந்தால் அவளால் தனியாக இருக்க முடியாது, முன்னால் நடக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் என்னை அழைத்துவரும்போது கடைத் தட்டைப் பார்த்தேன். ஒரு நெற்றி விளக்கு குறைகிறது. அகலத் தட்டு வைத்தது, இருந்ததிலேயே நல்லது. கூடவே நல்ல கல் போட்டு அடைத்த டின் ஒன்றும் காணவில்லை. பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தத் திருடன் யாரென்று மட்டும் கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள், ஐயா.